பந்தலுக்கு முதுகு முளைத்த வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலை தென்னாட்டை இரண்டாகப் பகுத்து நிற்கிறது என்று பூகோளப் புத்தகங்கள் சொன்னாலும், நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 முதல் 40 கிலோமீட்டர் வரை அகலமுள்ள ஒரு வாயிலை அது திறந்தே வைத்திருப்பதனால், கோயம்புத்தூர்ச் சீமைக்கும் பாலக்காட்டுச் சீமைக்கும் இடையே காற்றும் கால்நடையும் மட்டுமின்றிச் சம்பந்திகளும் சீர்வரிசைத் தட்டுகளும் போய்வருவதற்குத் தடை இருந்ததில்லை. தெற்கே இடுக்கி மலைகளில் அத்தகைய தாராளமான வாயில் கிடையாது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, மறையூருக்குக் கீழே சின்னாறு என்று மூச்சிரைக்க ஏறி இறங்க வேண்டிய வழிகளே உண்டு. ஆயினும் அவ்வழிகளிலும், தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் முதுகிலும் பிற்காலத்தில் ஜீப்பிலுமாக, மணப்பெண்ணின் பூவும் புடவையும் ஏறித்தான் வந்திருக்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி ராஜ்யங்களைப் பாஷைவாரியாகத் திருத்தி அமைத்தவர்கள், சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவில் இருந்த பாலக்காட்டைக் கேரளத்தில் சேர்த்தார்கள். தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டுமென்று எழுந்த கிளர்ச்சி பலிக்காமற்போக, அவையும் கேரளத்திலேயே நின்றன. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பெண் எடுப்பதும் கொடுப்பதும் மட்டும் நின்றபாடில்லை.

இந்த எல்லைப்புறத்தின் கல்யாண அலங்காரத்தைப் பற்றி எழுதப் புகுகிறவன், இன்றைய மணப்பெண்கள் கைப்பேசியில் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் மேடை மாதிரிகளிலிருந்தே தொடங்கிவிடலாம். ஆனால் மேடை என்பதே இங்கே அண்மையில் வந்து சேர்ந்தது. அதற்கு முன் நெடுங்காலம் கல்யாணத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதமே இருந்ததில்லை. இதைச் சொல்லாமல் அலங்காரத்தின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

கல்பாத்தியை எடுத்துக்கொள்வோம். காசியில் பாதி கல்பாத்தி என்று அவ்வூரார் பெருமை பேசுவார்கள். லக்ஷ்மி அம்மாள் என்ற விதவை காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கத்துக்காக, பாலக்காட்டை ஆண்ட இட்டிக்கோம்பி அச்சன் காலத்தில், 1425-இல் அங்கே விசுவநாதர் கோயில் எழுந்தது என்பது மரபு. ஐப்பசியில் மாயவரத்தில் துலா உற்சவம் நடக்கும் அதே பருவத்தில் இங்கே தேர் ஓடுகிறது. காவிரிக்கரையை விட்டு வந்த குடும்பங்கள் காவிரிக்கரையின் பஞ்சாங்கத்தை விட்டு வரவில்லை. ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வீடுகள் இரண்டு சாரியாக நிற்க, நடுவே தெரு நீண்டு கோயிலில் போய் முடியும் இந்த அக்கிரகார அமைப்பில், கல்யாணத்துக்கென்று தனியாக ஒரு மண்டபம் எதற்கு? தெருவே மண்டபம். பெண் வீட்டு வாசலிலிருந்து எதிர்சாரித் திண்ணை வரை பந்தல் போட்டுவிட்டால், பிள்ளை வீட்டார் இறங்க நாலாம் வீடு, சமையலுக்கு ஏழாம் வீட்டுக் கொல்லை, சீட்டாட்டத்துக்கு மூன்றாம் வீட்டுத் திண்ணை என்று நான்கு நாளைக்குத் தெரு முழுவதும் ஒரே குடும்பமாகிவிடும்.

பந்தலுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த மண்ணிலேயே கிடைத்தது. கமுகமரம் கால், மூங்கில் சட்டம், மேலே தென்னங்கீற்று, அல்லது சித்தூர், கொல்லங்கோடு பக்கத்தில் பனை மிகுதியாதலால் பனையோலை. அதன் அடியில், வெயில் பொட்டுப்பொட்டாக ஒழுகாமலும் ஓலைத் தும்பு தலையில் விழாமலும் இருக்க, வெள்ளை வேட்டிகளை இழுத்துக் கட்டி விதானம் செய்வது வண்ணாரின் உரிமை. வாசலில் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை, மாவிலைத் தோரணம், அதோடு மலையாளக் கரையின் வழக்கப்படி குருத்தோலையைக் கீறிப் பின்னித் தொங்கவிட்ட தோரணம். குருத்தோலை கிழக்கே கல்யாணப் பந்தலில் அவ்வளவாக ஆட்சி பெறவில்லை. இங்கேயோ, மாவிலையின் கரும்பச்சைக்குப் பக்கத்தில் இளமஞ்சளாக அது அசைவதைப் பார்த்தே, எல்லையிலுள்ள வாளையாற்றுக்கு இப்பால் வந்துவிட்டோம் என்று வந்தவர்கள் தெரிந்துகொள்வார்கள். தரையில் அரிசியை நனைத்து அரைத்த மாவால் இழைக்கோலம், ஓரத்தில் காவி. விரிப்பதற்குப் பவானி ஜமக்காளம் கணவாய் வழியாக வந்தது. வசதியுள்ள வீடுகளுக்குத் தம்பதிகளின் பெயரை ஊடே வைத்து நெய்த பத்தமடைப் பாய் திருநெல்வேலியிலிருந்து வந்தது.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தப் பந்தலைக் கட்டிய கைகளிற் பல, பந்தல் எழுந்த பிறகு அதற்குள் வர அனுமதிக்கப்படாத கைகள். கல்பாத்தித் தெருவில் நடப்பதற்கே ஈழவர்கள் போராட வேண்டியிருந்தது என்பதும், 1924-ஆம் ஆண்டுத் தேரோட்டத்தை ஒட்டி அங்கே கலகம் மூண்டது என்பதும் சரித்திரம். தெரு முழுவதும் ஒரே குடும்பம் என்று மேலே எழுதினேன். அந்தக் குடும்பத்துக்கு வேலி இருந்தது.

பழைய அலங்காரத்தின் விசேஷம் அதன் அழகில் மாத்திரம் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உத்தியோகம் இருந்தது என்பதில் இருக்கிறது. பாலிகையைப் பாருங்கள். ஐந்து மண்கிண்ணங்களில் மண்ணும் அறுகம்புல்லும் வில்வ இலையும் இட்டு, நெல், உளுந்து, எள், கடுகு, பயறு ஆகிய தானியங்களைப் பாலில் ஊறவைத்து, சுமங்கலிகள் ஒருவர்பின் ஒருவராக வந்து அவற்றில் தெளிப்பார்கள். நான்கு நாள் கல்யாணத்தில் அந்தத் தானியம் முதல் நாள் விதை, மறுநாள் வெடிப்பு, மூன்றாம் நாள் வெள்ளை முளை, சேஷஹோமம் முடிகிற நாலாம் நாள், மணமகள் அவற்றைக் கொண்டுபோய் ஆற்றில் கரைக்கும்போது, கிண்ணத்துக்கு மேல் விரற்கடை உயரத்துக்குப் பசேலென்று எழும்பி நிற்கும். கல்யாணம் எத்தனை நாள் ஆயிற்று என்பதைக் காட்டும் கடிகாரம் போல அது மணையின் அருகே இருந்தது. இன்றைக்கு ஒரு நாளில் எல்லாம் முடிந்துவிடுவதனால், காலையில் தெளித்த தானியம் முளைக்குமுன்பே கரைக்கப்படுகிறது. அல்லது முன்கூட்டியே வீட்டில் யாரோ முளைக்கவைத்து எடுத்து வருகிறார்கள். கிண்ணத்துக்கு வர்ணம் பூசி ஜிகினா ஒட்டும் பழக்கம் வந்தது இதற்குப் பிறகுதான். முளை வராத கிண்ணத்தில் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டாமா?

பருப்புத் தேங்காயும் அத்தகையதே. கூம்பு வடிவமான இரண்டு தகரக் கூடுகளின் உட்புறம் நெய் தடவி, பாகு பதம் பார்த்து, வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ மனோஹரமோ கலந்து, சூடு ஆறுமுன் அழுத்தி நிரப்பி, இறுகியபின் கூட்டைத் தட்டி நிமிர்த்தினால் இரண்டு கோபுரங்கள் நிற்கும். பாகு ஒரு கம்பி தவறினால் கோபுரம் சரியும். சரிந்தால் சம்பந்தி அம்மாளின் முகத்தில் தெரியும். இணையாக நின்று தம்பதிகளைக் குறித்த அந்தக் கோபுரங்கள் கடைசியில் உடைக்கப்பட்டு, தெருவிலுள்ள அத்தனை வீடுகளுக்கும் விள்ளல்களாகப் போய்ச் சேர்ந்தன. அலங்காரம் நாலாம் நாள் தின்னப்பட்டது என்றால் இக்காலத்தவர் நம்புவது கடினம்.

மணப்பெண்ணின் சிங்காரத்துக்கு வருவோம். பழைய நாளில் மணப்பெண் எட்டு, ஒன்பது வயதுச் சிறுமி. மாலை மாற்றும்போது தாய்மாமன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டதும், ஊஞ்சலில் உட்காரவைத்துப் பச்சைப்பிடி சுற்றிப் பாட்டுப் பாடியதும், நலங்கில் தேங்காய் உருட்டி அப்பளம் உடைத்து விளையாடியதும், குழந்தைகளைக் களைப்புத் தெரியாமல் நான்கு நாள் ஓரிடத்தில் இருத்தி வைக்கத் தோன்றிய உபாயங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பால்ய விவாகத் தடைச் சட்டமாகிய சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. சட்டத்தைக் காட்டிலும் பள்ளிக்கூடங்களே அதிக வேலை செய்தன என்றாலும், மணமகளின் வயது ஏறிற்று. சடங்கு மட்டும் குழந்தைக்கு ஏற்பட்டதாகவே நின்றது. இருபத்தாறு வயதுக் கணினிப் பொறியாளரைத் தோளில் தூக்க முனைந்து மாமன்மார் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் காட்சி, இன்றும் கல்யாணப் படங்களில் தவறாமல் இடம்பெறுகிறது.

சிறுமியின் தலைக்கு ராக்கொடியும் சூரியப்பிரபையும் சந்திரப்பிரபையும் நெற்றிச்சுட்டியும் கனமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவளுடைய ஜடையைத் தைத்த முறை நின்று பார்க்கத் தக்கது. வாழைமட்டையைக் கைவிரல் அகலத்துக்குச் சீவி எடுத்து, அதன் மேல் மல்லிகை மொட்டுகளை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி, வரிசைக்கு வரிசை நெருக்கித் தைத்து, நடுநடுவே மரிக்கொழுந்தும் தாழம்பூ மடலும் செருகி, முழு நீளமும் ஆனபின் பின்னலோடு சேர்த்துக் கட்டுவார்கள். ஈரமுள்ள மட்டை மொட்டுகளை வாடாமல் காக்கும்; மொட்டுகள் மாலையில் ஜடையிலேயே மலரும். அத்தைமாரும் பாட்டிமாரும் சுற்றி உட்கார்ந்து ஒரு மத்தியான்னம் முழுவதும் செய்த இந்த வேலை, இப்போது அட்டையின் மேல் துணி ஒட்டித் தைத்த ஆயத்த ஜடையாகக் கோவைப் பூமார்க்கெட்டிலிருந்து பெட்டியில் வந்துவிடுகிறது.

காதுக்கு வைரத் தோடு. பாலக்காட்டுக் குடும்பங்களில் அது புளூ ஜாகர் கல்லாக இருக்க வேண்டும் என்பது ஒரு கௌரவம். தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டெயின் என்னும் இடத்தில் 1870-இல் வைரம் கண்டு சுரங்கம் வெட்டினார்கள். லேசான நீல ஒளி வீசிய அவ்வூர்க் கற்களுக்குத் தென்னிந்தியாவில் தனி மதிப்பு ஏற்பட்டது. 1971-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் பாட்டியின் தோட்டிலிருந்து பேத்தியின் தோட்டுக்கு அந்தக் கல் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே, 'நம்ம சம்பிரதாயப்படி' என்று சொல்லிப் போடப்பட்ட ஆபரணங்களுள் முதன்மையானது, பூமத்தியரேகைக்கு அப்பாலிருந்து கப்பலில் வந்தது. வழக்கம் எவ்வளவு சீக்கிரம் பழமை ஆகிவிடுகிறது!

அக்கிரகாரத்து எல்லையைத் தாண்டினால் தறவாடுகள் என்னும் நாயர் கூட்டுக்குடும்ப வீடுகள். அங்கே விவாகம் என்பது, நம்மவர் நான்கு நாளைக்குச் செய்ததை ஒரு நாழிகையில் செய்வது. புடவை கொடுப்பதே அதன் மையம். எரியும் நிலவிளக்கும், தென்னம்பூக்குலை செருகிய நிறைபறையும் சாட்சி. பறையில் நெல் நிறைந்து கோபுரமாகக் குவிந்திருக்க, அதிலிருந்து வெண்மஞ்சள் பூக்குலை எழும்பி நிற்பதைவிடச் சிக்கனமும் கம்பீரமும் ஒருங்கே கூடிய அலங்காரத்தை நான் அறியேன். மணமகளுக்குக் கசவுக்கரை போட்ட வெண்ணிற முண்டும் நேரியதும். கழுத்தில் பச்சைக் கல் பதித்த பாலக்கா மாலை, நாகபடத்தாலி. அண்டையில் வாழ்ந்தவர்களாதலால் ஒருவர் பொருளை மற்றவர் எடுத்துக்கொண்டார்கள்: நிறைபறை ஐயர் வீட்டுப் பந்தலுக்குள் வந்தது, பிச்சிப்பூவும் மல்லிகையும் நாயர் பெண்ணின் கூந்தலில் தமிழ்நாட்டு அடர்த்தியோடு ஏறின, பாலக்கா மாலை காஞ்சிபுரத்துப் பட்டின் மேலும் பொருந்திற்று. ஒன்பது கஜக் கூறையின் ஜரிகைக்கும், பாரதப்புழை ஓரத்துக் குத்தாம்புள்ளியில் தேவாங்கர்கள் நெய்யும் முண்டின் கசவுக்கும் பொன்னிழை வந்தது ஒரே ஊரிலிருந்து, அதாவது குஜராத்தின் சூரத்திலிருந்து. எது தமிழ்க் கரை, எது மலையாளக் கரை என்று வாதிடுகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

இடுக்கி மலைகளின் கதை வேறு. 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தபின், திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கங்காணிமார் கூட்டிவந்த தமிழர்களே அங்கே தேயிலையை வளர்த்தார்கள். கம்பெனி கட்டிக்கொடுத்த லயத்து வீட்டில் வாசல் உண்டு, தெரு இல்லை. பந்தற்கால் நடச் சொந்தமாக ஒரு முழம் மண் இல்லை. ஆதலால் தாலி கட்டுவதற்குப் பலர் மலையிறங்கிச் சொந்த ஊருக்கே போனார்கள். திரும்பி வந்து லயத்தில் ஒரு விருந்து. அரிசி மூட்டைகள் போடிப் பக்கத்து அடிவாரத்திலிருந்து கயிற்றுவழியில் டாப் ஸ்டேஷனுக்கு ஏறி, அங்கிருந்து 1908-இல் வந்த சிறு ரயிலில் மூணாறுக்குப் போன காலம் ஒன்று உண்டு. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை இருந்த இடம் தெரியாமல் அடித்துக்கொண்டு போயிற்று. 1940-இல் திருவிதாங்கூர் அரசாங்கம் பள்ளிவாசலில் நீர்மின் நிலையத்தை இயக்கியபின் மெல்லமெல்லப் பரவிய மின்சாரம், பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தள்ளிவிட்டு, குழாய் விளக்கையும் கலர் சீரியல் விளக்கையும் ரேடியோ செட்டையும் கொண்டுவந்தது. மண் சொந்தமில்லாதவர்களுக்கு ஒளியும் ஒலியுமே பந்தல் ஆயின. ஒலிபெருக்கிக் குழாய் பள்ளத்தாக்கில் பாடினால் அடுத்த டிவிஷனுக்கும் அழைப்பு போய்விடும்.

மழை மறைவில் கிடக்கும் மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களில் வேறு குடிகள். மதுரைச் சீமையிலிருந்து நெடுநாளைக்குமுன் குடியேறியவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். கல்யாணத்துக்கு இன்றியமையாத சந்தனமும் வெல்லமும் ஒரே ஊரில் விளையும் பாக்கியம் மறையூருக்கு இருக்கிறது. அவ்வூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தன மரமோ வனத்துறையின் காவலில், ஏலத்துக்காக நிற்கிறது. பூவுக்கு மட்டும் இம்மலைகள் என்றும் கிழக்கை நம்பியிருக்கின்றன. தேனி மாவட்டத்துச் சீலையம்பட்டியிலும் திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டையிலும் விடியுமுன் கட்டிய மூட்டைகள் மலைச்சாலையில் ஏறுகின்றன. முகூர்த்த நாளில் மல்லிகை விலை என்ன என்று இடுக்கியில் பெண்ணைப் பெற்றவர்கள் கம்பத்துக்குத்தான் போன் செய்து கேட்கிறார்கள்.

இனி, முதுகு முளைத்த கதை. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் மூன்று மாறுதல்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நேர்ந்தன. பாலக்காட்டுப் பிள்ளைகள் பம்பாய்க்கும் டில்லிக்கும் உத்தியோகத்துக்குப் போனதனால், நான்கு நாள் லீவு கிடைக்காமல் கல்யாணம் ஒன்றரை நாளாகச் சுருங்கிற்று. அக்கிரகாரத்து வீடுகளிற் பாதி பூட்டப்பட்டதனால் தெரு கல்யாணத்தைத் தாங்க முடியாமல், அது சமூக மடத்துக்கும் பின்பு கல்யாண மண்டபத்துக்கும் பெயர்ந்தது. மண்டபத்தில் ஜமக்காளத்துக்குப் பதிலாக நாற்காலி வந்தது. முதலிரண்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நாற்காலியை யாரும் கவனிப்பதில்லை. தரையில் உட்கார்ந்தவர்கள் மணையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்; ஒருவர் மணமகளின் முகத்தைப் பார்த்தால் இன்னொருவர் அவள் ஜடையைப் பார்த்தார். ஜடைக்கு அவ்வளவு பூ வேலை செய்ததே அதற்காகத்தான். நாற்காலிகளோ வரிசையாக ஒரே திசையை நோக்கின. அத்தனை கண்களும் ஒரு பக்கம் திரும்பிய உடனே, தம்பதிகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்வி பிறந்தது; மண்டபத்தின் காரைச் சுவர் இருந்தது.

அதை மறைக்க வழி சொன்னவர் போட்டோக்காரர். முன்பெல்லாம் கல்யாணம் முடிந்தபின் தம்பதிகள் டவுனிலுள்ள ஸ்டூடியோவுக்குப் போய், தூணும் படிக்கட்டும் தோட்டமும் எழுதிய திரையின் முன் விறைப்பாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது வழக்கம். புகைப்படப் பெட்டி மண்டபத்துக்குள் வந்தபோது அந்தத் திரையும் கூடவே உள்ளே நுழைந்தது என்பது என் அபிப்பிராயம். முதலில் வெல்வெட்டுத் துணியில் ஜிகினா எழுத்து, பிறகு தர்மாக்கோலில் செதுக்கிய மயிலும் அன்னமும் பெயர்களும், அதன்பின் ஓசூர் ஜெர்பராவும் தாய்லாந்து ஆர்க்கிட்டும், இப்போது மின்திரை. தொழிலிலுள்ளவர்கள் இதைப் பேக்டிராப் என்கிறார்கள். கூலியில் பெரும்பங்கு அதற்கே. சாவி எழுதிய 'வாஷிங்டனில் திருமணம்' ஆனந்த விகடனில் வந்தபோது, அப்பளம் முதற்கொண்டு ஒரு தென்னிந்தியக் கல்யாணத்தையே விமானத்தில் ஏற்றிச் செல்லும் கற்பனையை நினைத்து ஊரெல்லாம் சிரித்தது. இன்று பாலக்காட்டுக் கல்யாணம் எந்த ஊருக்கும் மூட்டை கட்டிப் போகிறது.

பழைய பொருள்கள் மறைந்துவிடவில்லை. உத்தியோகம் இழந்து அலங்காரப் பதவியில் இருக்கின்றன. பாலடைப் பிரதமன் காய்ச்சிய வெண்கல உருளி, மண்டப வாசலில் தண்ணீரும் ரோஜா இதழும் மிதக்கும் மெழுகுவர்த்தியுமாக நிற்கிறது; பாயசத்தை இரண்டாயிரம் பேருக்கு வேறு பாத்திரத்தில் காய்ச்சுகிறார்கள். காசியாத்திரைக்கு மாப்பிள்ளை பிடித்துப்போன ஓலைக்குடை, வர்ணக் குஞ்சலத்தோடு கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறது. வாழைமரம் பல இடங்களில் பிளாஸ்டிக்கில் வந்தது. 2020 ஜனவரி 1 முதல் கேரள அரசு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தடை செய்து, விருந்து மண்டபங்களிலும் பசுமை ஒழுங்கை வற்புறுத்தத் தொடங்கியபின், குருத்தோலை பின்னத் தெரிந்தவர்களுக்கு மறுபடி கிராக்கி ஏற்பட்டிருக்கிறது. சாஸ்திரமும் ரசனையும் செய்யாததை அரசாங்கத்தின் அபராதம் செய்தது!

அலங்காரமே இல்லாமல் கல்யாணம் நடக்குமா என்று கேட்பவர்கள் குருவாயூருக்குப் போகலாம். 2024 செப்டம்பர் 8-ஆம் தேதி ஒரே நாளில் அங்கே 300-க்கும் மேற்பட்ட தாலிகள் ஏறின. கோயில் முன்னே நாற்புறமும் திறந்த மண்டபம். ஒரு ஜோடிக்குச் சில நிமிஷங்கள். முதுகும் இல்லை, திரையும் இல்லை. அந்த நெரிசலிலிருந்து மீண்டவர்கள் அன்று மாலையே பாலக்காட்டில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, பேக்டிராப் வைத்து ரிசப்ஷன் நடத்துகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அலங்காரத்துக்குப் புதிதாக என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்கும் மணப்பெண்களுக்கு நான் பூவின் பெயரையோ நிறத்தையோ சொல்வதில்லை. மண்டபத்தாரிடம் பேசி, மேடையை விட்டுக் கூடத்தின் நடுவில் நான்கு கமுகங்கால் நட்டுக் குருத்தோலை கட்டச் செய்து, நாற்காலிகளை நான்கு பக்கமும் சுற்றிப் போடச் சொல்லுங்கள் என்கிறேன். பின்திரைச் செலவு மிஞ்சும். அந்தப் பணத்தில் ஜடையை வாழைமட்டையில் மொட்டுக் குத்தித் தைத்துக்கொள்ளலாம், பார்ப்பதற்கும் பின்பக்கத்தில் ஆள் இருக்கும். போட்டோக்காரர் ஆட்சேபிப்பார், படத்தில் எதிர்வரிசைச் சித்தப்பா கொட்டாவி விடுவதும் விழுந்துவிடும் என்பார். விழட்டும், பழைய பந்தலில் அவரும் ஓர் அலங்காரம்தான்.